வன்னி வாசகரும் சரித்திரக் காதற்கதைகளும்

ஒரு வாசிகசாலையில் எந்த நூல் அதிகம் படிக்கப்படுகின்றது என்பதை அறிய இரவற் பதிவேட்டைப் புரட்ட வேண்டியதில்லை. அலுமாரியைத் திறந்து நூல்களின் முதுகைப் பார்த்தாற் போதும். வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பாடசாலை நூலகங்களோடும் சனசமூக நிலையங்களோடும் பழகிய ஆசிரியர் எவரும் இதனை ஒப்புக்கொள்வர். அரசியல் நூல்களும் விமரிசன நூல்களும் அட்டை கசங்காமல் நிமிர்ந்து நிற்கின்றன. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ பாகங்களோ முதுகு பிளந்து, ஒட்டுப் போடப்பட்டு, முதற் பக்கங்களை இழந்து கிடக்கின்றன. அருகே சாண்டில்யனின் ‘கடல் புறா’வும் ‘யவன ராணி’யும் அதே கோலத்தில் இருக்கின்றன. வேறொரு தட்டில் ரமணிசந்திரனின் கைக்கடக்கமான நாவல்கள் அடுக்கப்பட்டிருக்கும். பல வேளைகளில் அந்தத் தட்டு வெறுமையாகவே இருக்கும். நூல்கள் எல்லாம் வீடுகளுக்குப் போயிருக்கும்.

இக்காட்சியைக் கண்டு முகஞ்சுளிப்பது முற்போக்காளராகிய நம்மிற் பலரின் வழக்கம். ‘நச்சு இலக்கியம்’, ‘மயக்க மருந்து’, ‘பொழுதுபோக்குக் குப்பை’ என்று ஐம்பது அறுபது ஆண்டுகளாகத் தீர்ப்புச் சொல்லி வந்திருக்கின்றோம். தீர்ப்பை வாசகர் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ இதழில் தொடராக வந்தபோது வாரந்தோறும் காத்திருந்தவர்களின் பேரப்பிள்ளைகள், 2022 இலும் 2023 இலும் அதன் திரைப்பட வடிவம் இரு பாகங்களாக வெளிவந்தபின் மூலநூலைத் தேடி எடுத்தார்கள். காதல் நாவல்களின் வாசகர் இன்று கைத்தொலைபேசியிற் பிரதிலிபி போன்ற செயலிகளில் அத்தியாயம் அத்தியாயமாகத் தொடர்கதை படிக்கின்றார்கள். தலைமுறை கடந்தும் ஒரு ரசனை நிலைத்து நிற்குமானால், அதனைப் பழித்துவிட்டு நகர்வது விமரிசனமாகாது. அந்த ரசனையின் வேர் எங்கே இருக்கின்றது, அந்நூல்கள் வாசகருக்கு எதைக் கொடுக்கின்றன, அதற்கு விலையாக எதை எடுத்துக்கொள்கின்றன என்று கேட்பதே நமது கடமை.

முதலிற் சந்தையைப் பார்ப்போம். ரசனை வானத்திலிருந்து விழுவதில்லை. கடையில் எது கிடைக்கின்றதோ அதிலிருந்தே பெரும்பாலும் அது உருவாகின்றது. தமிழ்நாட்டு வார இதழ்களும் மலிவுப் பதிப்புகளும் கடல் கடந்து வந்து நமது கடைகளை நிறைத்திருந்த காலத்தில், ஈழத்து எழுத்தாளன் தன் சொந்த ஊரிலேயே அந்நியனாக இருந்தான். 1970 ஆம் ஆண்டு பதவிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசாங்கத்தின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இந்த நிலையைச் சிறிது காலம் மாற்றின. அந்த இடைவெளியிலேதான் வீரகேசரிப் பிரசுரம் ஈழத்து நாவல்களை ஒன்றன்பின் ஒன்றாக மலிவு விலையில் வெளியிட்டது. வன்னி மண்ணிலிருந்து எழுந்த இரண்டு முக்கியமான நாவல்கள் அவ்வரிசையில் வந்தவையே: அ. பாலமனோகரனின் ‘நிலக்கிளி’ 1973 இலும், செங்கை ஆழியானின் ‘காட்டாறு’ 1977 இலும் வெளிவந்தன. 1977 இன் பின் திறந்த பொருளாதாரம் வந்தது, கதவுகள் திறந்தன, பழைய வெள்ளம் மீண்டும் பாய்ந்தது. ஈழத்து நாவலுக்கு வாசகர் இருந்தார்கள் என்பதற்கு அந்தச் சில ஆண்டுகள் சான்று. சந்தை இடங்கொடுத்தபோது வாசகன் தன் மண்ணின் கதையைப் புறக்கணிக்கவில்லை.

பின்பு போர் வந்தது. பொருளாதாரத் தடையினால் மண்ணெண்ணெயும் மின்கலமும் அரிதாகிப்போன ஆண்டுகளில், வன்னியிற் புதிய நூல் வருவது அதனினும் அரிது. கையில் இருந்த பழைய நூலே மீண்டும் மீண்டும் படிக்கப்பட்டது. 1995 இலும் 1996 இலும் குடாநாட்டை விட்டு இலட்சக்கணக்கான மக்கள் வன்னிக்கு வந்தனர். 2009 மே மாதத்தில் முடிந்த போரின் இறுதிக் கட்டத்தில் வன்னி மக்கள் ஊர் ஊராகப் பெயர்ந்து, முள்ளிவாய்க்காற் கரைக்குத் தள்ளப்பட்டு, எஞ்சியோர் செட்டிகுளத்து முகாம்களில் அடைக்கப்பட்டனர். வீட்டுக் கூரையையே விட்டுவந்தவர்களுக்குப் புத்தக அலுமாரி எம்மாத்திரம்? இன்று நாம் காணும் அலுமாரிகள் பெரும்பாலும் அதன்பின் மீண்டும் நிரப்பப்பட்டவை. அவ்வாறு நிரப்பும்போது எளிதிலும் மலிவிலும் கிடைத்தவை எவை? நாட்டுடைமையாக்கப்பட்டமையாற் பல பதிப்பகங்கள் போட்டியிட்டு அச்சிடும் கல்கியின் நூல்கள் முதலிடம் பெற்றன. சந்தை தேர்ந்து கொடுத்ததைத்தான் நாம் வாசகனின் ரசனை என்று பெயரிட்டு அழைக்கின்றோம்.

ஆனால் சந்தை ஒன்றே முழு விளக்கமாகாது. கிடைத்த நூல்கள் எல்லாவற்றையும் மக்கள் ஒரே ஆர்வத்தோடு படிப்பதில்லை. ஆகவே ‘பொன்னியின் செல்வ’னுக்குள்ளே நுழைந்து பார்க்க வேண்டும்.

இந்நாவல் நம் தீவுக்கு அந்நியமானதன்று. அதன் இரண்டாம் பாகத்தில், கோடிக்கரையிலிருந்து பூங்குழலி படகு செலுத்த, வந்தியத்தேவன் ஈழத்துக் கரையில் இறங்குகின்றான். மாதோட்டத்திலிருந்து காட்டு வழியே அவன் போகும் பயணத்தைப் படிக்கும் வன்னிச் சிறுவனுக்கு, அந்தக் காடு தன் வீட்டுக் கொல்லையின் தொடர்ச்சியாகவே தோன்றும். இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஈழப் போரில் இருக்கும் இளவரசன் அருள்மொழிவர்மனைக் கல்கி எவ்வாறு படைத்திருக்கின்றார்? படைக்கு வேண்டிய உணவைச் சோழநாட்டிலிருந்தே அனுப்பும்படி கேட்கின்றான்; இத்தீவின் குடிகள் மீது அந்தச் சுமையை ஏற்ற மறுக்கின்றான்; சிதைந்த விகாரைகளைப் பழுதுபார்க்கச் செய்கின்றான்; பிக்குமார் கொடுக்க முன்வரும் இலங்கைச் சிங்காதனத்தை வேண்டாமென்கின்றான். முற்றுகையையும் பட்டினியையும் கண்ட வன்னி வாசகர் இப்பகுதியைப் படிக்கும்போது எதை நினைப்பார் என்பதை விளக்கத் தேவையில்லை. குடிகளுக்குத் தீங்கு செய்யாத படை ஒன்று உலகத்தில் இருந்திருக்கலாகாதா என்ற ஏக்கம் அற்பமான ஏக்கமன்று. அதனை மயக்கம் என்று எள்ளி நகையாடுகின்ற விமரிசகன், எள்ளுவது நாவலையல்ல, மக்களின் துயரத்தையே.

ஆனால் சரித்திரம் வேறு விதமாக நடந்தது. இராஜராஜன் காலத்துச் சோழப்படை 993 ஆம் ஆண்டளவில் அநுராதபுரத்தை அழித்தது. பொலநறுவை ஜனநாதமங்கலம் என்ற பெயரோடு சோழர் ஆட்சித் தலமாயிற்று. ஐந்தாம் மகிந்தன் 1017 இற் சிறைப்பட்டுச் சோழநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டான். ஒரு பேரரசு மற்றொரு நாட்டின் செல்வத்தை எடுத்துக்கொண்ட கதை அது. இதிற் சோழர் தனிப்பட்ட கொடியோரும் அல்லர், தனிப்பட்ட நல்லோரும் அல்லர். அக்காலத்து நிலப்பிரபுத்துவ அரசுகள் யாவும் அவ்வழியே நடந்தன. வென்றவனின் தோளில் ஏறிநின்று தன்னை உயரமாகக் கருதிக்கொள்ளும் ஆசை, தோல்வியுற்ற மக்களுக்கு எளிதில் வருவது. நாவல் ஊட்டும் அன்புணர்ச்சியை வைத்துக்கொண்டு சரித்திரம் கூறும் உண்மையை மறந்துவிடுவோமானால், நம்மை நசுக்கிய அரசின் தருக்கத்தையே வேறொரு கொடியின்கீழ் நாம் போற்றுபவர்களாவோம். ஆசிரியர்கள் இவ்விடத்தில் விழிப்பாயிருக்க வேண்டும்.

இனி, அந்நாவலில் எளிய மக்கள் பெறும் இடம் யாது? கல்கி அவர்களை வெறுத்தவரல்லர். படகுக்காரப் பெண் பூங்குழலியும், தஞ்சையிற் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனும் வாசகரின் நெஞ்சில் நிற்பவர்கள். கதையின் முடிவில் இவர்களுக்கு என்ன நேர்கின்றது? சேந்தன் அமுதன் உண்மையிற் கண்டராதித்தரின் மைந்தன் என்பது வெளியாகின்றது. மாலை கட்டிய கைக்குச் செங்கோல் கிடைக்கின்றது. அவன் உத்தம சோழனாகின்றான். பூங்குழலி பட்டத்து அரசியாகின்றாள். அருள்மொழிவர்மன் தனக்கு வரவேண்டிய முடியை இன்னொருவன் தலையிற் சூட்டும் அக்காட்சி தமிழ் வாசகரைக் கண்கலங்க வைத்த காட்சி. உத்தம சோழன் என்று ஓர் அரசன் இருந்ததைச் சரித்திரம் சொல்கின்றது. அவன் மாலை கட்டி வாழ்ந்தான் என்பது ஆசிரியரின் சிருஷ்டி. அச்சிருஷ்டியிலேதான் நாவலின் உள்ளம் வெளிப்படுகின்றது. மாலை கட்டுபவன் மாலை கட்டுபவனாகவே நின்று பெருமை பெற முடியாது. அவன் பெருமைக்குரியவன் என்றால் அவன் உடம்பில் அரச இரத்தம் ஓடியே தீர வேண்டும். அவனை நேசித்த வாசகனுக்கு ஆசிரியர் கொடுக்கும் பரிசு, அவனை அவனுடைய வர்க்கத்திலிருந்து பிரித்து எடுத்துவிடுவதே.

ஈழத்துக் காடுகளோடு மிக நெருங்கி வாழும் பாத்திரம் மந்தாகினி. காட்டிலும் கடற்கரையிலும் அலைந்து, இளவரசனைப் பன்முறை காத்து, இறுதியில் மன்னருக்காகவே உயிர் விடுகின்றாள். அவள் வாய் பேசாதவள். இதற்கு உட்பொருள் வைத்துக் கல்கி எழுதினார் என்று நாம் வாதிடவில்லை. ஆனால் பேரரசுகளைப் பற்றிய கதைகளில் ஓரத்து மண்ணின் மக்களுக்கு எப்போதும் கிடைப்பது தியாகம் செய்யும் உரிமை மாத்திரமே, பேசும் உரிமையன்று என்பதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

ஹங்கேரியின் மார்க்சிய அறிஞர் ஜோர்ஜ் லூக்காச் 1936–37 இல் எழுதிய ‘வரலாற்று நாவல்’ என்னும் நூலிற் சேர் வால்டர் ஸ்கொட்டை ஆராய்கின்றார். ‘வேவர்லி’ (1814) போன்ற நாவல்களில் மாமன்னரை ஓரத்தில் நிறுத்தி, நடுத்தரமான ஒருவனைக் கதையின் மையமாக்கி, அவன் வழியே மோதும் சமுதாயச் சக்திகள் இரண்டையும் காட்டியதே ஸ்கொட்டின் வெற்றி என்பது அவர் முடிவு. வந்தியத்தேவனும் இத்தகைய நடுத்தர நாயகனே; பழம்பெருமை ஒன்றைத் தவிர வேறு சொத்தில்லாதவன். அவன் குதிரை சோழநாடு முழுவதும் ஓடுகின்றது. ஆனால் அது நிற்கும் இடங்கள் அரண்மனைகளும் மாளிகைகளும் கோயில்களுமே. காவிரிக் கரையில் நெல் விளைவித்தவன் யார், விளைந்த நெல்லில் எத்தனை பங்கை யார் எடுத்துச் சென்றார்கள் என்று கேட்க அவன் எங்கும் இறங்கவில்லை. கல்கி ஸ்கொட்டிடம் வடிவத்தைக் கற்றார். சமுதாய மோதலுக்குப் பதிலாக அரண்மனைச் சதியை வைத்தார்.

சரித்திர நாவலை விட்டு ரமணிசந்திரனிடம் வருவோம். வெளிப்பார்வைக்கு இது வேறு உலகம். குதிரையில்லை, கோட்டையில்லை. இவருடைய கதைகளிற் பெரும்பாலும் தன்மானமுள்ள, வசதியற்ற அல்லது ஆதரவற்ற ஓர் இளம்பெண் வருகின்றாள். செல்வமும் அதிகாரமும் முன்கோபமும் உள்ள ஓர் ஆண் வருகின்றான். இடையில் ஒரு தப்பெண்ணம். முடிவில் அவன் தன் தவறை உணர்கின்றான், இல்லறம் மலர்கின்றது. விடியுமுன் பஸ் ஏறி ஆடைத் தொழிற்சாலைக்குச் செல்லும் பெண்ணும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவியும், கணவனை இழந்து வீட்டைத் தனியே சுமக்கும் தாயும் இதனை ஏன் விரும்பிப் படிக்கின்றார்கள்? அவர்கள் அறிவிலிகள் என்பதாலா? அன்று. இக்கதைகளில் ஒரு பெண்ணின் மனவருத்தம் பொருட்படுத்தப்படுகின்றது. வலிமையுள்ள ஆண் ஒருவன் அவளிடம் மன்னிப்புக் கேட்கின்றான். அடியும் வசையும் குடியும் மலிந்த சூழலில் மரியாதையைக் கனவாகக் காண்பவளின் கனவில் நியாயம் இருக்கின்றது. நமது முற்போக்கு நாவல்களிற் பெரும்பாலானவை சுரண்டலைச் சொல்லும் வேகத்தில் அவளுடைய தனிமையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமற் போனமையும் அவள் அங்கே போனதற்கு ஒரு காரணம். இக்குறை நம்முடையது.

எனினும் அந்தக் கனவு எவ்வாறு நிறைவேற்றப்படுகின்றது? ஏழைப்பெண் செல்வன் வீட்டு மருமகளாகின்றாள். அதாவது சேந்தன் அமுதனுக்கு இரத்தம் செய்ததை, இவளுக்குத் திருமணம் செய்கின்றது. அங்கே பிறப்பு இரகசியம், இங்கே தாலி. இரண்டும் ஒரே ஏணியின் இரண்டு படிகள். மரியாதை வேண்டுமா, மேலே ஏறிவா. கீழே இருப்பவருக்கு மரியாதை இல்லை என்பதே இரு வகைக் கதைகளும் வாய்விட்டுச் சொல்லாமற் சொல்லும் பாடம். நுண்கடன் வாங்கி வட்டி கட்ட வழியின்றித் தவிக்கும் பெண்கள் வாழும் ஊர்களில், காணி உறுதி இன்றி ஆண்டுக்கணக்காக இருக்கும் குடும்பங்கள் வாழும் ஊர்களில், இந்தப் பாடம் ஆபத்தானது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்தும் தெற்கிலிருந்தும் வன்னிக்கு ஓடிவந்து, காடு வெட்டி, கூலிக்கு வயலில் நின்ற மக்களின் பிள்ளைகளும் இந்நூல்களைப் படிக்கின்றார்கள். ஒருவனோ ஒருத்தியோ தப்பி மேலேறும் கதை அவர்களுக்கு இனிக்கலாம். எல்லாரும் நிமிர்ந்து நிற்கும் கதையை அது மறைத்துவிடும்.

வன்னிக்குச் சொந்தச் சரித்திரம் இல்லையா? இருக்கின்றது. ஆனால் அதுவும் இதே அச்சில் வார்க்கப்படும் நிலைக்கு உள்ளானது. 1803 ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கும் கண்டி இராச்சியத்துக்கும் போர் நடந்த வேளையிற் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அதே ஆண்டு ஒக்ரோபர் 31 ஆம் திகதி கப்டன் வொன் டிரிபேர்க் என்பவன் அவனைத் தோற்கடித்ததாக ஒட்டுசுட்டான் பகுதியிற் கற்பூரப்புல்வெளியில் ஆங்கிலேயர் நாட்டிய நடுகல் கூறியது. அக்கல் தோல்வியைக் குறித்ததேயன்றி மரணத்தைக் குறிக்கவில்லை. இவ்வீரனைப் பற்றி முள்ளியவளையைச் சேர்ந்த முல்லைமணி ‘பண்டாரவன்னியன்’ நாடகத்தை எழுதினார், தமிழ்நாட்டிலிருந்து மு. கருணாநிதி ‘பாயும் புலி பண்டாரக வன்னியன்’ என்னும் நாவலை எழுதினார். மக்கள் நடுவே வழங்கும் கதையிலோ காக்கை வன்னியனின் காட்டிக்கொடுப்புக்குக் காரணம் நிறைவேறாத காதலும் அதனாற் பிறந்த பகையுமாகும்.

காதலால் ஓர் இராச்சியம் வீழ்ந்தது என்பது மேடைக்குச் சுவையானது. ஆனால் ஒல்லாந்தர் வன்னியரிடம் ஆண்டுதோறும் திறையாகக் கேட்டவை யானைகள். யானையைப் பிடித்தவன் வன்னியனா? காட்டிலே உயிரைப் பணயம் வைத்தவர்கள் பணிக்கர்களும் குடிமக்களுமே. யானை வாணிகத்தின் இலாபம் கப்பலேறிற்று. 1782 இல் ஒல்லாந்தர் படை அனுப்பி வன்னியை நேரடியாகத் தம் ஆட்சிக்குட் கொண்டுவந்தமைக்கும் வருமானமே காரணம், காதல் காரணமன்று. குளம் உடைந்தால் வயல் கெடும், வயல் கெட்டால் ஊர் கலையும், ஊர் கலைந்தாற் காய்ச்சலும் காடும் உள்ளே வரும்: இதுவே வன்னியின் நீண்ட சரித்திரம். துரோகி ஒருவனின் மேல் எல்லாப் பழியையும் போட்டுவிட்டால், திறையும் வரியும் வாணிகமும் குற்றமின்றித் தப்பிவிடுகின்றன.

ஓர் ஆண்டு இங்கே நினைவுகொள்ளத் தக்கது. 1895 ஆம் ஆண்டு, திருகோணமலையைச் சேர்ந்த தி. த. சரவணமுத்துப்பிள்ளை ‘மோகனாங்கி’ என்னும் நாவலை வெளியிட்டார். தமிழின் முதற் சரித்திர நாவல் என்று கருதப்படும் அந்நூலை எழுதியவர் ஈழத்தவர். கதையோ தஞ்சை நாயக்கர் காலத்துக் காதற்கதை. அதே 1895 இல், ஜே. பி. லூயிஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி வன்னி மாவட்டங்களைப் பற்றிய தம் பெரிய கைந்நூலை வெளியிட்டார். நம்மவர் கற்பனை தஞ்சைக்குப் போயிருந்தபோது, வன்னியின் குளங்களையும் கிராமங்களையும் ஏட்டிற் பதித்தவர் வரி வாங்க வந்த அரசின் உத்தியோகத்தர். இந்தப் பிரிவினை இன்றும் முற்றாக நீங்கவில்லை. காதலும் வீரமும் வேண்டுமானாற் காவிரிக்குப் போகின்றோம். குளக்கணக்கு வேண்டுமானால் ஆங்கிலேயனின் ஏட்டைத் திறக்கின்றோம்.

ஆனால் எழுத்தறியாத வன்னி மக்கள் தம் காதலையும் வீரத்தையும் தம் மண்ணிலேயே கண்டார்கள். வேலப்பணிக்கன் ஒப்பாரி என்று வழங்கும் நாட்டார் இலக்கியத்தை எண்ணிப் பாருங்கள். யானை பிடிக்கும் பணிக்கன் ஒருவனின் மனைவி அரியாத்தை, ஆண்களே அஞ்சிய யானையை அவள் பிடித்து வருகின்றாள், பின்பு பிறரின் பொறாமைக்குப் பலியாகின்றாள், கணவன் புலம்புகின்றான். அவள் இறுதிவரை பணிக்கன் பெண்சாதியாகவே இருக்கின்றாள். அவளை இளவரசியாக்க வேண்டும் என்று பாடிய மக்களுக்குத் தோன்றவில்லை. யானையைப் பிடித்த கையே அவளுக்குப் போதுமான பெருமை. கூலி உழைப்பையும் கணவன் மனைவி அன்பையும் ஒரே பாட்டில் வைத்த இம்மரபு, நமது சரித்திர நாவலாசிரியர்கள் தேடிப் போயிருக்க வேண்டிய ஊற்று. அவர்கள் பெரும்பாலும் அதனைக் கடந்து அரண்மனைக்கே சென்றார்கள்.

அந்த ஊற்றுக்கு மிக அருகில் வந்த நவீனப் படைப்பு ‘நிலக்கிளி’. முல்லைத்தீவுப் பகுதித் தண்ணிமுறிப்பில் நடக்கும் காதற்கதை அது. காதற்கதைக்கு வேண்டிய அனைத்தும் அதில் உண்டு: வசதியுள்ள கோணாமலையாரின் மகன் கதிராமன், ஆதரவற்ற பதஞ்சலி, தந்தையின் எதிர்ப்பு, பின்பு ஊருக்கு வரும் ஆசிரியர் ஒருவரால் எழும் மனக்கொந்தளிப்பு. ஆனால் ஏணி மட்டும் அங்கே இல்லை. பதஞ்சலி பெரிய வீட்டு மருமகளாக உயர்த்தப்படவில்லை. கதிராமனே தந்தையின் வீட்டை விட்டு இறங்கி வந்து, காட்டை வெட்டி, குடிசை போட்டு, தன் கையால் நிலத்தைத் திருத்துகின்றான். காதல் அங்கே உழைப்பாக மாறுகின்றது. நிலக்கிளி உயரப் பறக்காத பறவை. நிலத்துப் பொந்திலே வாழ்வது. அப்பெயரை நாயகிக்கு உவமையாக வைக்கும் துணிவு, நாயகியை அரசியாக்கும் துணிவை விடப் பெரிது.

இந்நாவலிற் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. காட்டு வாழ்வின் தூய்மையை ஆசிரியர் சில இடங்களில் அளவுக்கு மீறி நேசிக்கின்றார். கோணாமலையாரின் செல்வத்துக்கும் ஏனையோரின் வறுமைக்கும் உள்ள தொடர்பை அவர் ஆழமாகத் தொடவில்லை. அந்தப் பணியை ஏற்றுக்கொண்ட நாவல் ‘காட்டாறு’. அரசாங்க நிருவாகத்திற் பணியாற்றிய செங்கை ஆழியான், வன்னிக் கமக்காரரை உத்தியோகத்தரும் வியாபாரியும் சேர்ந்து சுரண்டும் முறையை உள்ளிருந்து பார்த்து எழுதினார். ஒன்றில் இதயம் மிகுதி, மற்றொன்றிற் சமுதாயக் கணக்கு மிகுதி. இரண்டும் ஒன்று சேர்ந்த வன்னி நாவலுக்கு இன்னும் இடம் இருக்கின்றது. இறுதிப் போரின் வாழ்வைச் சொல்லும் தமிழ்க்கவியின் ‘ஊழிக்காலம்’ போன்ற நூல்கள் வேறொன்றையும் உணர்த்துகின்றன. சரித்திரம் ஆயிரம் ஆண்டுக்கு முன் முடிந்துபோன ஒன்றன்று. இங்கு கஞ்சிக்கு வரிசையில் நின்றவர்களும் அதன் பாத்திரங்களே.

ஆசிரிய நண்பர்களும் மாணவ நண்பர்களும் செய்யத் தக்கது என்ன? ‘பொன்னியின் செல்வ’னை அலுமாரியிலிருந்து அகற்றுவதா? வேண்டாம். தடைகளை நாம் போதியளவு கண்டுவிட்டோம். மேலும், ஐந்து பாகங்களை ஊக்கத்தோடு படித்து முடிக்கும் மாணவன் நமது எதிரியல்லன். படிக்கும் பழக்கமுள்ள அவனே நாளைய நல்ல வாசகன். அந்நூலின் பக்கத்தில் ‘நிலக்கிளி’யையும் ‘காட்டாறை’யும் வையுங்கள். அச்சுப்பிரதி கிடைக்காவிடிற் கவலையில்லை. ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்தில் ஈழத்து நூல்கள் பல கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தொடர்கதை படிக்கும் அதே கைத்தொலைபேசியில் அவற்றையும் படிக்கலாம்.

படித்தபின் சில கேள்விகளை வகுப்பறையிற் கேளுங்கள். சேந்தன் அமுதன் மெய்யாகவே மாலை கட்டும் குடியிற் பிறந்திருந்தாற் கதை எவ்வாறு முடிந்திருக்கும்? பூங்குழலி அரசியான பின் அவளுடைய படகை யார் செலுத்தினார்கள்? கதிராமன் இறங்கி வந்ததற்கும் ரமணிசந்திரனின் நாயகி ஏறிச் சென்றதற்கும் என்ன வேறுபாடு? யானைகளைத் திறையாகக் கொடுத்தவன் யார், பிடித்தவன் யார்? இவற்றுக்கு மாணவர் தரும் விடைகள் நமக்கு உவப்பில்லாதவையாக இருக்கலாம். பாதகமில்லை. கேள்வி ஒருமுறை மனத்தில் விழுந்துவிட்டால், அடுத்த நாவலை அதே கண்ணோடு படிக்க முடியாது.

பாட்டிமாரிடமும் கேளுங்கள். குளம் திருத்திய காலம், காடு வெட்டிக் குடியேறிய காலம், 1983 இன் பின் வந்து சேர்ந்தவர்களின் காலம், இடம்பெயர்ந்த வழியிற் கைவிட்ட பொருள்கள், அவற்றினூடே நடந்த காதல்கள், கலியாணங்கள், பிரிவுகள் யாவும் இன்னும் எழுதப்படாமற் கிடக்கின்றன. சொல்லத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றார்கள். இவற்றை எழுத வேண்டியவர்கள் இன்று நம் வகுப்பறைகளில், மேசைக்கடியிற் ‘கடல் புறா’வை மறைத்து வைத்துப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே. அவர்களின் கையிலிருந்து நூலைப் பறிக்காதீர்கள். அதனை முடித்ததும் ஒரு கொப்பியைக் கொடுத்து, உன் ஊரின் கதையை எழுது என்று சொல்லுங்கள்.